கணக்கேட்டில் ஏறாத மூலதனம்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம் யாது என வினவினால், பங்குத்தொகை, வைப்புத்தொகை, சேமநிதி, வெளியில் பெற்ற கடன் என நான்கையும் நம் உறுப்பினர்கள் தடையின்றிச் சொல்லிவிடுவர். ஐந்தொகையில் காணப்படுவனவும் இவையே. ஆயினும் ஐந்தொகையில் இடம் பெறாத மூலதனம் ஒன்றுண்டு. விடியுமுன் தறிக்குழியில் இறங்கும் நெசவாளி, அவருக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் இல்லாள், புரட்டாசி மழை விழுந்ததும் உரத்துக்கும் கடனுக்கும் வந்து நிற்கும் உழவருக்கு மறுமொழி கூறும் எழுத்தர், சங்கத்தின் சாவியைச் சுமக்கும் செயலாளர் ஆகியோரின் உழைப்பும் அறிவும் பழக்கமுமே அம்மூலதனம். பணம் குறைந்தால் மத்திய வங்கியிடம் கடன் கேட்கலாம். நல்ல ஆள் குறைந்தால் எவரிடம் கடன் கேட்பது?

இவ்வினாவுக்கு விடை தேடும் கல்வி ஒன்று நம் அருகிலேயே நடைபெற்று வருகிறது. அருப்புக்கோட்டையிலும் விருதுநகரிலும் மதுரையிலும் உள்ள கல்லூரிகளில் வணிகவியலும் வணிக நிர்வாகவியலும் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனிதவள மேலாண்மை என்றொரு தொடக்கப் பாடம் உண்டு. அது பெரும்பாலும் ஐந்து அலகுகளாக வகுக்கப்பட்டிருக்கும். எந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும், அவ்வேலையின் கூறுகள் யாவை என்று வரையறுப்பது முதலாவது. தகுந்தவரைத் தேடித் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. பயிற்சி அளிப்பது மூன்றாவது. வேலையை மதிப்பிட்டு ஊதியம் நிர்ணயிப்பது நான்காவது. குறைகேட்பு, ஒழுங்கு நடவடிக்கை, தொழிலாளர் உறவு ஆகியவை ஐந்தாவது.

பிள்ளைகள் இதனைத் தேர்வுக்காகப் படிக்கின்றனர். பலர் தேறியபின் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் சென்று பிறருடைய ஆலைகளில் கையாளுகின்றனர். பிறந்த ஊரின் சங்கத்துக்கு இப்படிப்பால் விளைந்த நன்மை மிகச் சிறிது. இப்பாடத்தைச் சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும் கற்றாக வேண்டும் என்பதும், கற்கும்போது அதில் ஒரு திருத்தத்தைச் செய்துகொள்ள வேண்டும் என்பதுமே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவன.

இக்கல்வி முதலாளிகளுக்கானது, நமக்கு ஆகாது என எண்ணுவோர் அதன் பிறப்பை நோக்குதல் நலம். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்னும் ஊரின் பஞ்சாலையை 1800ஆம் ஆண்டில் ராபர்ட் ஓவன் ஏற்று நடத்தத் தொடங்கினார். பத்து வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். தொழிலாளரின் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தார். அமெரிக்கப் பஞ்சு வரத்துத் தடைபட்டு ஆலை நின்றபோது, நான்கு மாத காலம் முழுக் கூலியையும் கொடுத்துவந்தார். இரும்பு இயந்திரத்துக்கு எண்ணெயிட்டுத் துடைத்துப் பேணும் ஆலை முதலாளிகள், உயிருள்ள இயந்திரத்தைப் பேண மறந்ததேன் என்று 1813ஆம் ஆண்டு அவர்களையே நோக்கிக் கேட்டார். ஆள் நிர்வாகக் கல்வியின் முன்னோடி என்று பாடநூல்கள் இவரைக் குறிக்கின்றன. கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று நாம் வணங்குவதும் இதே ஓவனைத்தான். ஆகவே இக்கல்வியும் நம் இயக்கமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று ஆலைக்கு வாழ்க்கைப்பட்டது. மற்றொன்று சங்கத்துக்கு வந்தது. இடையில் போக்குவரத்து அற்றுப்போயிற்று.

நம் நாட்டிலும் இக்கல்வி துணித் தொழிலின் வழியேதான் வளர்ந்தது. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சென்னையில் பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் முன்னின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம், பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளரின் குறைகளுக்கு ஓர் அவையை ஏற்படுத்திற்று. தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி குழு, ஆலைகளில் தொழிலாளர் அலுவலரை நியமிக்க வேண்டுமென 1931ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலைகள் நல அலுவலரை வைத்தாக வேண்டுமென 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. குறை கேட்பதற்கென ஒருவர் வேண்டும் என்னும் எளிய உண்மை ஏட்டில் ஏறுவதற்குள் முப்பதாண்டுகள் கடந்தன.

நெசவாளர்கள் சிறப்பாக அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று ஆமதாபாத்தில் நடந்தது. அங்குள்ள காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் துணி எதிர்பார்த்த அளவு வரவில்லை, பழுதும் மிகுந்தது. 224 தறிகளுக்கு 29 ஆட்கள்; அவர்களுக்குள் பன்னிரண்டு வகை வேலைகள். இழை அறுந்தால் ஒருவர், நாடாவுக்கு ஒருவர், பழுது பார்க்க ஒருவர் என யார் எவருக்குப் பொறுப்பு என்பதே விளங்காத நிலை. 1953ஆம் ஆண்டில் ஏ. கே. ரைஸ் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் தொழிலாளரோடும் மேற்பார்வையாளரோடும் கலந்து பேசினார். சிறு குழு ஒவ்வொன்றும் ஒரு பகுதித் தறிகளுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கலாம் என்னும் யோசனை எழுந்தது. தொழிலாளர்கள் தாமே தம் குழுக்களை அமைத்துக்கொண்டனர். உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது. தறி மாறவில்லை, நூலும் மாறவில்லை. ஆட்களின் ஏற்பாடு ஒன்றே மாறிற்று. கூட்டுப் பொறுப்பு என்னும் நம் கொள்கை ஆலைக்குள் சென்று மெய்ப்பிக்கப்பட்டதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, பாடத்தில் செய்ய வேண்டிய திருத்தம் யாதெனக் கூறுவோம். வேலை கொடுப்போர் ஒருவர், வேலை செய்வோர் மற்றொருவர் என்னும் அடிப்படையிலேயே பாடநூல் எழுதப்பட்டுள்ளது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ, பங்கு வாங்கிய நெசவாளியே உடைமையாளர்; சங்கத்தின் நூலை வாங்கி நெய்து கூலி பெறுபவரும் அவரே. பேரவையில் கை தூக்கும்போது முதலாளி, மறுநாட் காலை சேலையைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கும்போது தொழிலாளி. இந்த இரட்டை நிலையை மறந்தால் இரு கேடுகள் விளையும். கூலி பற்றிய குறையை எவரிடம் சொல்வது என்று தெரியாமல் அவர் வாய்மூடிப் போவார். அல்லது, சங்கம் வேறு எவருடையதோ என்றெண்ணி அதன் நட்டத்தைக் குறித்துக் கவலையற்றுப் போவார். ஆலையில் நிர்வாகம் தொழிலாளரின் குறையைக் கேட்டால் அது நல்லெண்ணம் எனப்படும். சங்கத்தில் அது உடைமையாளருக்குச் சேர வேண்டிய கணக்கு.

பாடத்தின் முதல் அலகை எடுத்துக்கொள்வோம். வேலையைக் கூறுகளாகப் பிரித்து எழுது என்கிறது அது. ஒரு சேலைக்குரிய வேலையை நம் சங்கங்களில் எழுதிப் பார்த்தால் தெளியும் உண்மை பெரிது. பாவு ஓட்டல், கஞ்சி போடல், இழை பிணைத்தல், தார் சுற்றல், நெய்தல், மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தல் என வேலைகள் பல. பற்றுச் சீட்டிலோ நெய்தவர் பெயர் ஒன்றே இருக்கும். கணக்குக்காக ஒரு சேலைக்குக் கூலி ரூபாய் 800 என்றும், நெய்வதற்கு இரண்டு நாள் என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ரூபாய் 400 என மனம் கணக்கிடும். ஆயின் இல்லாளும் மகளும் தார் சுற்றவும் இழை பிணைக்கவும் செலவிட்ட நேரம் மொத்தம் ஒருநாள் என்று கொண்டால், மூன்று நாள் உழைப்புக்கு ரூபாய் 800. நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூபாய் 267. எண்கள் ஊருக்கு ஊர், ரகத்துக்கு ரகம் மாறும். ஆயினும் வீட்டாரின் உழைப்பைக் கணக்கிடாமல் கூலி பேசுவது, தண்டுவாளத்தில் ஒரு தட்டை மறைத்துக்கொண்டு நிறுப்பதைப் போன்றது. நெசவுக் குடும்பத்துப் பெண்கள் பெயரால் உறுப்பினர் உரிமையும், அவர் செய்யும் முன்வேலைக்குத் தனிக் கூலியும் வேண்டும் என்று நாம் கருதுவது இக்காரணம் பற்றியே.

உழவர் சங்கங்களுக்கு இதே அலகு வேறு வகையில் பயன்படும். திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த கரிசற் பூமி. வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்த்ததும் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, மிளகாய் என விதைப்பு ஒரே மூச்சில் நடைபெறும். பயிர்க்கடன், உரம், பயிர்க் காப்பீட்டுக்குரிய சான்றுகள் எல்லாம் ஒரே சில வாரங்களில் ஒரே சன்னலுக்கு வந்து சேரும். மாசி பங்குனியில் அதே சன்னல் வெறிச்சோடிக் கிடக்கும். எந்த வாரத்தில் எத்தனை பேர் வருவர் என்பது ஆண்டுதோறும் தெரிந்த செய்தியே. அவ்வாறிருக்க, உரக் கிடங்கைக் கவனிப்பவருக்குக் கடன் மனுவைச் சரிபார்க்கும் பழக்கத்தையும், எழுத்தருக்குக் காப்பீட்டுப் பதிவையும் ஆடி மாதத்திலேயே கற்பித்து வைத்தல் கூடாதா? ஒருவர் வராத நாளில் வேலை நிற்கிறது என்றால் அது அந்த ஒருவரின் பெருமை ஆகாது, சங்கத்தின் குறை.

இங்கே ஆய்வாளராகப் பணியாற்றும் அனுபவத்தில் நாம் கண்ட ஒன்றைச் சொல்லல் வேண்டும். ஆண்டு முழுதும் ஒருநாள் கூட விடுப்பு எடுக்காத சிப்பந்தியை உறுப்பினர்கள் பாராட்டுவர். பாராட்டு பலருக்கும் பொருந்தும். எனினும், தணிக்கை செய்வோர் அத்தகைய மேசையைச் சற்று நின்று நோக்குவதும் உண்டு. தம் ஏட்டைப் பிறர் பார்க்க ஒருநாளும் விடாதவர், உழைப்பால் அவ்வாறு இருக்கலாம்; அச்சத்தாலும் இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை கட்டாய விடுப்பும், இரண்டாண்டுக்கு ஒருமுறை வேலை மாற்றமும் இருந்தால் நேர்மையானவர் ஓய்வு பெறுவர். மற்றவர் வழி தவறுவதற்கு வாய்ப்பே அற்றுப்போகும். ஐயத்தால் ஆளைச் சுடுவதைவிட ஏற்பாட்டால் ஆளைக் காப்பது மேலன்றோ?

இரண்டாவது அலகு ஆள் தேர்வு. சங்கத்து வேலையை ஏழை வீட்டுப் பையனுக்குச் செய்யும் உதவியாகக் கருதும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. உதவி நல்லதே, ஆயினும் ஒரு வீட்டுக்குச் செய்யும் உதவியின் செலவை ஆயிரம் வீடுகள் சுமக்கலாகாது. மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையத்தின் வழியாக எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வந்தபின், கூட்டுறவுப் பயிற்சி பெற்றோர் பணியில் சேர்கின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால் தேர்வில் தேறியவரைச் சேர்த்த அன்றே சாவியைக் கொடுத்துவிட்டு, மறுவாரம் அவர்மேல் குறை கூறுவது முறையன்று. நகைக் கடனின் நுணுக்கம், ஊரின் நிலவரம், வயதான உறுப்பினரிடம் பேசும் பாங்கு ஆகியவை பயிற்சி நிலையத்து ஏட்டில் இல்லை. ஓய்வு பெறவிருக்கும் செயலாளரின் நெஞ்சில் இருக்கின்றன. அவர் ஓய்வு பெறும் நாளில் மாலையிட்டு வழியனுப்பும் நாம், அதற்கு ஓராண்டு முன்பே அவரருகில் ஓர் இளைஞரை அமர்த்தியிருந்தால், மாலையோடு அந்த அறிவும் வீடு போய்ச் சேராது.

மூன்றாவது பயிற்சி. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844ஆம் ஆண்டு கடை திறந்த முன்னோடிகள், பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கென ஒதுக்கினர். அவர்களுள் நெசவாளர்கள் இருந்தனர் என்பதை நம்மவர் பெருமையோடு நினைவுகூரலாம். 1995ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கூட்டுறவு இணையம் வெளியிட்ட ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கல்வியும் பயிற்சியும் செய்தி பரப்புதலும் ஆகும். நம் சங்கங்களும் இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துகின்றன. செலுத்தியதோடு கடமை முடிந்தது என்றிராமல், அந்நிதியால் நடக்கும் பயிற்சிக்கு நம் ஊரிலிருந்து எவர் சென்றார், திரும்பி வந்து எதை மாற்றினார் என்று பேரவையில் கேட்பதே செலுத்திய பணத்துக்கு மரியாதை.

ஐந்தாவது அலகாகிய குறைகேட்பையும் ஒழுங்கையும் பற்றி ஒரு சொல். சிப்பந்திமேல் புகார் எழுந்தால் குற்றத்தை எழுத்தில் கொடுத்து, மறுமொழிக்குக் காலம் அளித்து, நேரில் கேட்டபின் முடிவு செய்தல் வேண்டும். டீக்கடைத் திண்ணையில் தீர்ப்பு எழுதி, சங்கத்தில் கையெழுத்து மட்டும் போடுவது நிர்வாகமாகாது. அவ்வாறே உறுப்பினரின் புகாருக்கும் ஓர் ஏடு வேண்டும். பழுது என்று சேலையில் கழிவு போட்டால், எந்த இடத்தில் எவ்வளவு பழுது என்று நெசவாளிக்குக் காட்டி எழுதித் தர வேண்டும். காரணம் தெரிந்த கழிவு கசக்கும். ஆயினும் நெய்பவருக்குப் பாடமாகும். காரணம் தெரியாத கழிவு பகையாகும்.

இவையெல்லாம் படித்தவர் பேச்சு. மழை பொய்த்தால் உழவுக்கும், நூல் விலை ஏறினால் தறிக்கும் இக்கல்வி என்ன செய்யும் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது. நல்ல எழுத்தரால் கண்மாய் நிறையாது. நல்ல செயலாளரால் பஞ்சு விலை இறங்காது. கூலி போதாத தொழிலில் இளைஞரை எந்தப் பயிற்சியும் நெடுநாள் நிறுத்தி வைக்காது என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். 2009-10ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 43.31 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர், 2019-20ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 35.22 இலட்சமாகக் குறைந்தனர். தறியை விட்டுச் சென்றோரைப் பாராமுகம் என்று பழிப்பதில் பயனில்லை. அவர்கள் தம் நாட்கூலியைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள். சங்கம் அக்கணக்கை அவர்களுக்கு முன்னரே போட்டுப் பார்த்ததா என்பதே நம் வினா. போட்டுப் பார்த்திருந்தால் எந்த ரகத்தில் கூலி கட்டுபடியாகும், எதை விட்டுவிடலாம், எங்கே உயர்வு கேட்டு வாதாடலாம் என்பது எண்களோடு தெரிந்திருக்கும். வானமும் சந்தையும் நம் கையில் இல்லை. சங்கத்துக்கு வருபவரை எப்படி நடத்துவது, உழைப்பை எப்படி எண்ணுவது, அடுத்தவரை எப்படி ஆயத்தம் செய்வது ஆகிய மூன்றும் நம் கையில் உள்ளன. கையில் உள்ளதைச் செய்தவரே கையில் இல்லாததற்கு அரசாங்கத்திடம் உரிமையோடு கேட்க இயலும்.

ஆகவே உறுப்பினர்களின் ஆலோசனைக்குச் சிலவற்றை வைக்கிறோம். சங்கத்தின் ஒவ்வொரு பணிக்கும் ஒரு பக்க அளவில் வேலைக் குறிப்பு எழுதிச் சுவரில் ஒட்டுக. நெசவுக் கூலியை நிர்ணயிக்குமுன் வீட்டாரின் நேரத்தையும் சேர்த்து ரகவாரியாகக் கணக்கிடுக. ஓய்வு பெறும் நாளுக்கு ஓராண்டு முன்பே அடுத்தவரைப் பழக்குக. குறையேட்டைத் திறந்து, ஒவ்வொரு குறைக்கும் என்ன விடை அளிக்கப்பட்டது என்பதை மாதந்தோறும் படித்துக் காட்டுக. மனிதவளப் பாடம் பயிலும் நம் ஊர்க் கல்லூரி மாணவர்களை, அவர்தம் ஆய்வேட்டுக்காகத் தொலைதூர ஆலைகளுக்கு அனுப்புவதற்கு மாறாக, நம் சங்கங்களுக்கு வரவழைத்து இவ்வேலைக் குறிப்பையும் கூலிக் கணக்கையும் எழுதச் செய்க. அவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கும். சங்கத்துக்குச் செலவின்றிக் கணக்குக் கிடைக்கும். நிர்வாகக் குழு பொறுப்பில் இருக்கும் காலத்திலும் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் இவற்றைச் செய்யத் தடையொன்றும் இல்லை.

வரும் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை படிக்கப்படும்போது இலாபம் எவ்வளவு, பங்கு ஈவு எவ்வளவு எனக் கேட்பது உறுப்பினரின் உரிமை. அதனோடு இன்னும் இரு கேள்விகளைக் கேளுங்கள்: இவ்வாண்டில் நம் சங்கத்தில் புதிதாக வேலை கற்றவர் எத்தனை பேர்? நம்மை விட்டுச் சென்றவர் எத்தனை பேர், எதனால் சென்றனர்? விடை எழுத்தில் வரும்வரை தொடர்ந்து கேளுங்கள். மனிதவள மேலாண்மையின் முதல் பாடத்தை அன்றே உங்கள் சங்கம் தொடங்கியதாகும்.